சொறிமுட்டை (ஜெல்லிமீன்) பட்ட இடம் ஆறியபின் மீண்டும் தடிக்கிறது, வழி சொல்லுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாம்பன் பக்கம் கரைவலை இழுக்கும் என் தம்பியின் இடது முன்கையில், பன்னிரண்டு நாள்களுக்கு முன்பு வலையோடு வந்த சொறிமுட்டையின் இழைகள் சுற்றிக்கொண்டன. சாட்டையால் அடித்ததுபோல் மூன்று சிவந்த கோடுகள் உடனே தடித்து எழும்பின. அருகிலிருந்தவர்கள் பதற்றத்தில் மணலை வைத்துத் தேய்த்துக் குடிநீரையும் ஊற்றிவிட்டார்கள். தோலில் ஒட்டிய இழைகளில் எஞ்சியிருக்கும் நச்சு அணுக்களை இவ்விரண்டுமே தூண்டிவிடும் என்பதையும், கடல்நீரால் அலசி, இழைகளை அகற்றி, சுமார் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் கையை வைத்திருக்கலாம் என்பதையும் நான் பிறகுதான் அறிந்தேன். (வினிகர் எல்லா வகைச் சொறிமுட்டைக்கும் பொருந்தாதாம்.)

வலி இரண்டே நாளில் தணிந்தது. ஆனால் நேற்று முன்தினம் முதல் அதே கோடுகள் மீண்டும் தடித்து, இரவில் தூங்கவிடாமல் அரிக்கின்றன. ஓரங்களில் சிறு நீர்க்கொப்புளங்களும் தெரிகின்றன. காய்ச்சலோ சீழோ மூச்சுத்திணறலோ இல்லை. காலம் தாழ்த்தி வரும் ஒவ்வாமை என்று கூறி, மருத்துவர் ஒருவர் ஸ்டீராய்டு களிம்பு எழுதிக்கொடுத்தார்.

இதே நிலையைக் கடந்தவர்களும் தோல் மருத்துவம் அறிந்தவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்: அரிப்பு அடங்க எத்தனை நாள் ஆனது, அதுவரை உப்புநீர் படலாமா, கோடுகள் கறுத்து நின்றுவிடுமா? திங்கட்கிழமை மீண்டும் கடலுக்குப் போக வேண்டும் என்று அவன் பிடிவாதமாக இருக்கிறான்.