தாத்தாவின் ஆர்மரர் நோட்டு: இந்த வரிகளுக்கு என்ன அர்த்தம்?

குடியாத்தம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். என் அம்மாவைப் பெற்ற தாத்தா ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவராக இருந்தவர். 1943-இல் சேர்ந்து 1967-இல் ஊருக்கு வந்தார். அவர் துப்பாக்கி பிடித்த கதை எதுவும் சொன்னதில்லை. கேட்டால், "நான் சுட்டவன் இல்லடி, சுடுறவனுக்குச் செஞ்சு குடுத்தவன்" என்பார். போன மாதம் வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து அவருடைய டிரங்குப் பெட்டியை இறக்கினோம். இரண்டு அரம், ஒரு சிறு உளி, எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு. நோட்டு முழுக்கத் தமிழ்தான், ஆனால் எனக்கு ஒரு வரி கூடப் புரியவில்லை. அப்படியே தருகிறேன்:

"கட்டை மூக்கில் 2க்கு மேல் 7க்குள் ராத்தல். இல்லாவிட்டால் குண்டு அலையும்."

"தலை 0, 1, 2, 3. கேஜ் போடாமல் மாற்றாதே."

"முன் பாதம் சந்தேகமா, எண்ணெய்ச் சொட்டு வை."

"டி துப்பாக்கி: கண்ணாடி, கை, உடம்பு மூன்றும் ஒரே குடும்பம். பிரிக்காதே."

பெட்டியின் மூலையில் கட்டைவிரல் அளவு இரும்புத் துண்டு ஒன்றும் கிடந்தது. ஒரு பக்கம் மரை, நடுவில் துளை, மேலே 2 என்று பொறித்திருக்கிறது. இந்தத் தொழில் தெரிந்தவர்கள் யாராவது விளக்குவீர்களா?

பழைய ஆர்மரர், ஆரணி:

வணக்கம்மா. நான் இ.எம்.இ.யில (ராணுவத்தோட இயந்திரம், ஆயுதம் பழுது பார்க்கிற பிரிவு) 24 வருஷம் ஆர்மரர். 1972ல சேர்ந்தேன். உங்க தாத்தா சேர்ந்த 1943லதான் அந்தப் படைப்பிரிவே பிறந்தது. அதனால அவர் எங்களுக்கெல்லாம் முதல் தலைமுறை. அந்த நாலு வரியையும் என் உஸ்தாத் வாயால அப்படியே கேட்டிருக்கேன். (தொழில் சொல்லிக் குடுக்கிறவரை ராணுவத்துல உஸ்தாத்னுதான் கூப்பிடுவோம்.)

மொதல்ல அந்த இரும்புத் துண்டு. அது .303 ரைஃபிளோட போல்ட் தலை. போல்ட்டுன்னா தோட்டாவை உள்ள தள்ளிக் குழலைப் பின்னாடி மூடற இரும்புத் தண்டு. தோட்டாவோட பின்பக்கத்தைத் தாங்கி நிக்கிறது அதுதான். துளை வழியா ஊசி வரும். .303 ரகத்துல ஒண்ணான நம்பர் 4 ரைஃபிளுக்கு இந்தத் தலை 0, 1, 2, 3னு நாலு அளவுல வரும், நம்பர் ஏற ஏற நீளம் மயிரிழை கூடும். துப்பாக்கி பழசாகப் பழசாக, தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல இடம் விடும். அதை அளக்க ரெண்டு கேஜ், 0.064 அங்குலம் ஒண்ணு, 0.074 ஒண்ணு. சின்னது மேல போல்ட் மூடணும், பெரிசு மேல மூடக் கூடாது. பெரிசு மேலயும் மூடினா அடுத்த நம்பர் தலையைப் போட்டு மறுபடி அளப்போம். கேஜ் போடாம கண்ணால பார்த்து மாத்தினா தோட்டாவோட பித்தளை பின்னால பிய்யும், சுடுறவன் முகத்துக்குக் காற்று வரும். "கேஜ் போடாமல் மாற்றாதே"ன்னு தாத்தா எழுதினது அதுக்குத்தான்.

ஆனா அம்மா, அது துப்பாக்கியோட பாகம். 1959 ஆயுதச் சட்டத்துல பாகமும் ஆயுதம்தான். வீட்டுல வெச்சிக்காதீங்க. கிடைச்ச விதத்தை ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி, காவல் நிலையத்துல ஒப்படைச்சு ரசீது வாங்கிடுங்க. நோட்டு, அரம், உளி எல்லாம் உங்க சொத்து, யாரும் கேட்க மாட்டாங்க.

இப்ப "டி துப்பாக்கி". டின்னா டெலஸ்கோப். நம்பர் 4 மார்க் 1 (டி). ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் படைக்கும் இந்தியப் படைக்கும் இருந்த ஸ்னைப்பர் ரைஃபிள். ஃபேக்டரியில சுட்டுப் பார்க்கும்போது எது குண்டெல்லாம் ஒரே இடத்துல சேர்ற மாதிரி நல்லா அடிக்குதோ அதைத் தனியா எடுத்து வைப்பாங்க. முக்கால்வாசி பி.எஸ்.ஏ. கம்பெனியோட ஷெர்லி ஃபேக்டரி சரக்கு. 1942லேர்ந்து அதெல்லாம் லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டுக்குப் போகும். வேட்டைத் துப்பாக்கி செய்யற பேர்போன கடை அது. அங்க உடம்போட (போல்ட் ஓடற இரும்புக் கூடு) இடப்பக்கம் முன்னாடி ஒரு பாதம், பின்னாடி ஒரு பாதம் பொருத்தி, மேல ஒரு இரும்புக் கை மாட்டி, அதுல நம்பர் 32 கண்ணாடியை, அதாவது டெலஸ்கோப்பை, உட்கார வெப்பாங்க. அந்தக் கண்ணாடி முதல்ல பிரென் கன்னுங்கிற இயந்திரத் துப்பாக்கிக்காகச் செஞ்சது. மூணு மடங்குதான் பெரிசாக் காட்டும். அதை வெச்சிக்கிட்டுத்தான் அந்தக் காலத்துல நம்ம பையன்கள் அடிச்சாங்க.

அந்தக் கை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாப் பொருத்தினது. ரெண்டு பாதத்துக்கும் நடுவுல நாலஞ்சு அங்குலம்தான். அதுல ஒரு தாள் கனம் சாய்ஞ்சா 300 கெஜத்துல ஒரு சாண் தள்ளிப் போகும். அதனாலதான் துப்பாக்கி நம்பரைக் கையில பொறிப்பாங்க, கண்ணாடி நம்பரை பட் (தோள்ல வைக்கிற பின்கட்டை) கழுத்துக்கு மேல பொறிப்பாங்க. கல்யாணப் பத்திரிகை மாதிரி, யாருக்கு யார்னு எழுதியே இருக்கும்.

எனக்கு இது எப்படிப் புரிஞ்சதுன்னு சொல்றேன். 1979. மலைப்பக்கம் ஒரு யூனிட், பேர் வேணாம். ஆறு டி ரைஃபிள். பெரிய அதிகாரி பார்வைக்கு வர்றார்னு கோத்துல (ஆயுதக் கிடங்குல) இருந்தவங்க ஆறு கண்ணாடியையும் அந்த இரும்புக் கையோட சேர்த்துக் கழட்டி, பளபளன்னு துடைச்சு, கைக்கு வந்த தகரப் பெட்டியில போட்டு வெச்சுட்டாங்க. அடுத்த ஜீரோயிங்குல (குறி சரிபார்க்கச் சுடறது) ஒரு துப்பாக்கியும் அடையாளத்துல அடிக்கல. கண்ணாடியில குறியைப் பக்கவாட்டுல நகர்த்தற டிரம்மைக் கடைசி வரைக்கும் திருப்பியும் போதல. "கண்ணாடி கெட்டுப் போச்சு, புதுசு வேணும்"னு காகிதம் எழுதிட்டாங்க.

உஸ்தாத் போனார், கண்ணாடி வழியாப் பார்க்கவே இல்ல. நம்பரைத் தேடினார். கை மேல வருஷா வருஷம் பூசின கறுப்புப் பெயின்ட் அப்பளம் மாதிரி ஏறிக் கிடக்கு, ஒரு எழுத்து தெரியல. தீக்குச்சியில சிந்தி (கந்தல் துணி) சுத்தி, தின்னர்ல நனைச்சு, உருட்டி உருட்டித் துடைக்கிறார். சுரண்டக் கூடாது, சுரண்டினா எழுத்தும் போயிடும். பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சாய்ச்சுப் பிடிக்கிறது என் வேலை. முதல்ல ஒரு 3, கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு 7னு ஒவ்வொண்ணா மேல வந்துச்சு. ராத்திரி சாப்பாட்டுக்குள்ள அஞ்சு சேர்ந்துடுச்சு. அந்த அஞ்சும் மறுநாளே நேரா அடிச்சுது. கண்ணாடி ஒண்ணும் கெடவே இல்ல.

ஆறாவது கையில இருந்த நம்பர் அந்த யூனிட்டுல எந்தத் துப்பாக்கிக்கும் இல்ல. என்னைக்கோ வேற எங்கேயோ மாறி வந்தது. அதை மூணு நாள் பொருத்தினார். பாதத்துல நீலம் தடவி, கையை மாட்டிக் கழட்டி, எங்க ஒட்டியிருக்கோ அங்க மட்டும் அரத்தால ஒரு இழுப்பு. பிறகு போல்ட்டை உருவிட்டு, குழல் வழியா எதிர் மலையில ஒரு வெள்ளைப் பாறையைப் பார்த்து, துப்பாக்கி அசையாம அதே பாறையைக் கண்ணாடியில பார்ப்பார். ரெண்டும் ஒண்ணா வந்து, சுட்டும் பார்த்த பிறகுதான் பழைய நம்பர் மேல ஒரே கோடு போட்டு, பக்கத்துல புது நம்பர் அடிச்சார். பழசை அழிக்கல. "பின்னாடி வர்ற ஆர்மரருக்குத் தெரியணும்டா"ன்னார்.

எண்ணெய்ச் சொட்டு: முன் பாதம் ஈயம் வெச்சு ஒட்டித் திருகு போட்டது. சுடச்சுட ஈயம் விட்டுரும், திருகு பார்க்க இறுக்கமாவே இருக்கும். பாதத்து ஓரத்துல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கண்ணாடியைப் பிடிச்சு லேசா அழுத்தி விட்டா, ஆட்டம் இருந்தா எண்ணெய் உள்ள போய் வெளிய வரும், மூச்சு விடற மாதிரி. ஆட்டமே இல்லன்னா சொட்டு அப்படியே நிக்கும்.

கட்டை மூக்கு பத்தி நாளைக்கு எழுதறேன், கண்ணு வலிக்குது.

பிஸ்லி பக்கம்:

ஐயா, நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். பிஸ்லி என்ற சுடுதளத்தில் பழைய ராணுவ ரைஃபிள் போட்டிகளில் உதவிக்குப் போவேன். அந்த "ஒரே கோடு" போட்ட நம்பரைப் போன வருடம் என் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்! ஒரு (டி)யின் கையில் பழைய நம்பருக்குக் குறுக்கே கோடு, பக்கத்தில் புது நம்பர். உடைமையாளர் அது குறை என்றே நினைத்து வருத்தப்பட்டார். சேகரிப்பவர்கள் எல்லா நம்பரும் முதலிலிருந்தே ஒத்துப் போவதற்குத்தான் அதிக விலை தருவார்கள். இதை மொழிபெயர்த்து அவருக்கு அனுப்பலாமா?

பழைய ஆர்மரர், ஆரணி:

தாராளமா அனுப்புங்க தம்பி. அது குறை இல்லன்னு சொல்லுங்க. ஒரு ஆர்மரர் உட்கார்ந்து மூணு நாள் வேலை செஞ்சிருக்கான், அதுக்கு அவன் போட்ட கையெழுத்து அது.

டீச்சரம்மா, கட்டை மூக்கு. நம்பர் 4ல குழலுக்கு அடியில மரக்கட்டை மூக்கு வரைக்கும் போகும். அந்த மூக்குல கட்டை குழலை மேல்நோக்கித் தாங்கணும். ஸ்பிரிங் தராசைக் குழல் நுனியில மாட்டி மேல இழுத்தா, 2 ராத்தலுக்கும் 7 ராத்தலுக்கும் நடுவுல எங்கயாவது குழல் கட்டையை விட்டு எழும்பணும். அந்தத் தாங்கல் சீரா இருந்தாத்தான் குழல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிரும். மழைக்காலத்துல மரம் ஊதும், வெயில்ல வத்தும். அதனால கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயைக் கையால தேய்ச்சு ஊற விடுவோம்.

இன்னொண்ணு, இதைத் தாத்தா எழுதலைன்னாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். மூக்குல குறை தெரியும், நோய் பின்னாடி இருக்கும். உடம்பு உதைக்கிற உதையை வாங்கறது கட்டையோட பின்கோடியில ரெண்டு சின்ன மர முகம். அது நசுங்கிட்டா கட்டை முழுசும் முன்ன பின்ன நகரும். நசுங்கினதை வெட்டி எடுத்துட்டுக் கெட்டி மரத்துல ஒட்டுப் போடணும், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல தொடற மாதிரி. அந்தச் சிறு உளி இதுக்குத்தான்மா.

சிவகாசி சுரேஷ்:

ஐயா, மரத்துக்கு இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் குழலைக் கட்டை தொடாமல் விட்டுவிட்டால் என்ன?

பழைய ஆர்மரர், ஆரணி:

சரியாக் கேட்டீங்க தம்பி. பிரிட்டிஷ்காரங்களே 1970 வாக்குல அதைத்தான் செஞ்சாங்க. இதே (டி) உடம்பை எடுத்து, 7.62 கனமான குழல் போட்டு, கட்டையைப் பாதியில வெட்டி, எல்42ஏ1னு பேர் வெச்சாங்க. குழலை எதுவும் தொடாது. 1982 ஃபாக்லாந்து சண்டையில அதுதான் போச்சு. ஆனா .303 குழல் மெலிசு, அதுக்குத் தாங்கல் வேணும். மெலிசான குழலை அப்படியே தொங்க விட்டா, சூடேற ஏற ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பக்கம் போகும்.

குடியாத்தம் டீச்சர்:

ஐயா, இன்று காலை என் மாமாவோடு போய் அந்தப் போல்ட் தலையை ஒப்படைத்துவிட்டோம். ரசீது தந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த உளியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அகலம் என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. பிடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பள்ளமாக இருக்கிறது. தாத்தா இடக்கைக்காரர், என் இடக்கைக் கட்டைவிரல் அதில் சரியாக உட்கார்ந்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தியாக ஐந்து இலக்க எண்கள் இருக்கின்றன. இதுவரை நான் ஏதோ கடன் கணக்கு என்று நினைத்திருந்தேன். முப்பத்தோரு ஜோடி. நான்கு இடத்தில் பழைய எண் மேல் ஒரே கோடு, பக்கத்தில் புது எண்.

பழைய ஆர்மரர், ஆரணி:

அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து எனக்குத் தனியா அனுப்புங்கம்மா. கண்ணாடி போட்டுக்கிட்டு உட்கார்றேன். எங்க ஆறாவது கையில முதல்ல இருந்த நம்பர் எனக்கு இன்னும் மனப்பாடமா இருக்கு.