செங்குத்து மலையில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு: பூட்ஸ் வாங்கும் முன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இடத்தில் உடன் இருப்பவர்கள் மலை வேட்டைக்கு அழைக்கிறார்கள், என்ன பூட்ஸ் வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. உரிமம், பாதுகாப்புப் பயிற்சி, துப்பாக்கி எல்லாவற்றையும் அழைத்தவர்களே சொல்லித் தருவார்கள். பூட்ஸ் விஷயத்தில் மட்டும் "நல்லதாகப் பார்த்து வாங்கு" என்று நிறுத்திக்கொள்வார்கள். அவர்கள் சிறு வயதிலிருந்தே போட்டுப் பழகியவர்கள். எது கடிக்கும், எது கடிக்காது என்பது அவர்கள் காலுக்கே தெரியும். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏறுவதை நினைத்து பூட்ஸ் வாங்காதீர்கள். இறங்குவதை நினைத்து வாங்குங்கள். விடியற்காலையில் ஏறும்போது முதுகில் பெரிய சுமை இருக்காது, கால்களும் புதிதாக இருக்கும். வேட்டை கிடைத்துவிட்டால் இறைச்சியைப் பகுத்து முதுகில் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். 25, 30 கிலோ எளிதாகக் கூடிவிடும். தொடை நடுங்கும், பெரும்பாலும் இருட்டியும் இருக்கும். அந்த நேரத்தில் காலைப் பிடித்து நிறுத்துவது எதுவோ அதுதான் மலை வேட்டைக்கான பூட்ஸ்.

என் முதல் ஆண்டில் நான் இதைப் புரிந்துகொள்ளவில்லை. கையில் எடுத்தால் காற்றுப்போல் இருந்த, ஓட்டக் காலணியை ஒத்த ஒரு ஜோடியை வாங்கினேன். ஏறும்போது சுகமாகத்தான் இருந்தது. இறங்கும்போது சரிவின் குறுக்கே வைத்த ஒவ்வோர் அடியிலும் சோல் முறுக்கிக்கொண்டது. பாதம் உள்ளே முன்னும் பக்கவாட்டிலும் நழுவி, விரல்கள் முனையில் மோதிக்கொண்டே வந்தன. பாதி வழியில் என் சுமையில் ஒரு பகுதியை இன்னொருவர் வாங்கிச் சுமந்தார். இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்து, சில வாரங்களில் விழுந்தன. நகம் முளைத்துவிட்டது. ஏற்கெனவே நிறையச் சுமந்துகொண்டிருந்தவர் என்னுடையதையும் சுமக்க நேர்ந்ததே, அது இன்றும் உறுத்துகிறது.

அப்படியானால் கனமான பூட்ஸ்தான் வேண்டுமா என்றால், இல்லை. எடை உண்மையிலேயே முக்கியம். 1969இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் இருவர் தலையிலும் கையிலும் காலிலும் சுமையேற்றி நடக்கவைத்து அளந்தார்கள். வேகமாக நடக்கும்போது, காலில் ஏற்றிய ஒரு கிலோ, உடம்பிலேயே கூடியிருக்கும் ஒரு கிலோவைப்போல் ஆறு மடங்குக்கும் மேல் ஆற்றலைக் கேட்டது. ஒவ்வோர் அடிக்கும் அந்த எடையைத் தூக்கி, முன்னே வீசி, மீண்டும் நிறுத்த வேண்டியிருக்கிறதே. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அடிகள். ஆகவே எடையைக் குறைக்கத்தான் வேண்டும். எந்த இடத்தில் குறைக்கிறோம் என்பதில்தான் கவனம் தேவை. மேல்பகுதியில் தடித்த தோலுக்குப் பதிலாக மெல்லிய தோலோ உறுதியான செயற்கைத் துணியோ இருக்கலாம். அளவுக்கு மீறிய உயரத்தை விட்டுவிடலாம். சோலின் விறைப்பை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

விறைப்பு ஏன் வேண்டும்? செங்குத்துச் சரிவில் முழுப் பாதமும் தரையில் பதியாது. குறுக்கே நடந்தால் பூட்ஸின் ஓர் ஓரம் மட்டும் மண்ணில் இறங்கி நிற்கும். நேராக ஏறினால் முன்பாதம் மட்டும் ஒரு கல் விளிம்பில் இருக்கும். சோல் வளைந்தால் அந்த வேலை முழுவதும் கெண்டைக்காலுக்கும் பாதத்தின் சிறு தசைகளுக்கும் போகும். விறைப்பான சோல் ஒரு சிறிய படிக்கட்டைப்போல் தாங்கிக்கொள்ளும். இதற்காகத்தான் சோலுக்குள் நைலான், எஃகு அல்லது கார்பன் இழைத் தகடு வைக்கிறார்கள். கார்பன் இழையும் நைலானும் எடையைப் பெரிதாகக் கூட்டாமல் விறைப்பைத் தரும். இலேசான பூட்ஸ் தேடுபவர்கள் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

கடையில் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு கையில் குதிகாலையும் மறு கையில் முனையையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுக்கிக்கொண்டால் அது சமதரைப் பாதைக்கானது. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பலர் ஏ முதல் டி வரை வகைப்படுத்துகிறார்கள்: ஏ சாதாரண நடைக்கு, டி பனிச்சுவர் ஏறுவதற்கு. சுமையோடு செங்குத்து மலையில் நடக்க பி/சி, அதாவது பிக்கும் சிக்கும் இடைப்பட்டது, பெரும்பாலும் போதும். பாறையும் பனியும் அதிகமுள்ள இடம் என்றால் சி. டி வகையில் நாள் முழுவதும் நடப்பது வேதனை. முதல் ஜோடிக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவுக்குள், பி/சி விறைப்போடு கிடைத்தால் தயங்காமல் காலில் போட்டுப் பாருங்கள்.

கணுக்காலுக்கு மேல் உயரமாக இருந்தால்தான் பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அவ்வளவு நம்பவில்லை. 1993இல் கூடைப்பந்து விளையாடுபவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், உயரமான காலணி போட்டவர்களுக்கும் குட்டையானது போட்டவர்களுக்கும் சுளுக்கு விகிதத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மலை வேறு, மைதானம் வேறு. உயரம் கல்லடியையும் முள்ளையும் தண்ணீரையும் தடுக்கும், சுமையோடு நடக்கும்போது ஒரு பிடிமானத்தையும் தரும். ஆனால் குதிகால் உள்ளே ஆடினால் எத்தனை உயரமும் உதவாது. தாங்குதல் கீழிருந்து, சோலிலிருந்தும், குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் கிண்ணம் போன்ற பகுதியிலிருந்தும் தொடங்குகிறது.

இனி அளவு. இதில்தான் நம்மில் பலர் தவறுகிறோம். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்தவர்களின் பாதம் முன்பகுதியில் அகலமாக இருக்கும். 2009இல் வெளிவந்த ஒரு பாத ஆய்வும் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களிடம் இதையே கண்டது. குறுகிய அச்சில் (காலணியைச் செய்யப் பயன்படும் பாத வடிவக் கட்டை) செய்த பூட்ஸுக்குள் அந்தப் பாதத்தைத் திணித்துவிட்டு, கடித்தால் நீளத்தைக் கூட்டுகிறோம். அப்போது விரல்கள் தப்பிக்கும், குதிகால் ஆடத் தொடங்கும், கொப்புளம் வரும். நீளத்தைக் கூட்டாதீர்கள்; அகல அச்சுள்ள மாதிரியைக் கேளுங்கள். ஒரே மாதிரியை இரண்டு அகலங்களில் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

அளவு எண்களையும் நம்ப வேண்டாம். ஐரோப்பிய எண் ஒன்றுக்கு 6.67 மில்லிமீட்டர் வேறுபாடு, பிரிட்டிஷ் எண் ஒன்றுக்கு 8.46. மாற்று அட்டவணைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தாளில் நின்று இரண்டு பாதங்களையும் வரைந்து மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பெரிய பாதம் எதுவோ அதற்கே வாங்குங்கள். மலையில் போடப்போகும் அதே காலுறையோடு கடைக்குப் போங்கள். உள்தட்டை வெளியே எடுத்து அதன்மேல் நின்று பாருங்கள்: முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், பக்கங்களில் பாதம் பிதுங்கக் கூடாது. பிறகு லேஸைக் கட்டி, கடையில் இருக்கும் சாய்தளத்தில் இறங்குங்கள். சாய்தளம் இல்லையென்றால் படிக்கட்டு. நாலைந்து முறை காலை அழுத்தி ஊன்றுங்கள். விரல் ஒருமுறை முனையைத் தொட்டாலும் அந்த ஜோடியை வைத்துவிட்டு வாருங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

தண்ணீர் புகாத படலம் ஈரப் புல்லுக்கும் பனிக்கும் நல்லது. ஆனால் மேல்வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் காய நாளாகும். வறண்ட, வெப்பமான இடம் என்றால் படலம் இல்லாததே மேல்.

அடிப்பகுதியில் ஆழமான பற்களும், குதிகாலுக்கு முன்னால் தெளிவான ஒரு வெட்டும் இருக்க வேண்டும். இறங்கும்போது அந்த வெட்டுத்தான் மண்ணைப் பிடிக்கும். பல பூட்ஸ்களில் மஞ்சள் எண்கோணத்தில் காணும் விப்ரம் என்ற சோல் நிறுவனப் பெயரின் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி 1935இல் ஆல்ப்ஸில் தம் தோழர்கள் ஆறு பேரை இழந்தார். அந்த மலைக்கும் வானிலைக்கும் ஏற்ற காலணி இல்லாததும் ஒரு காரணம். இரண்டு ஆண்டுகளில் பல் வைத்த ரப்பர் சோலை உருவாக்கினார். காலில் போடுவது சிறிய விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் நினைவு வரும்.

பழைய பூட்ஸ் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். மிகுந்த கவனத்தோடு. பல மலைப் பூட்ஸ்களில் நடுச்சோல், அதாவது அடிச்சோலுக்கும் மேல்பகுதிக்கும் நடுவில் இருக்கும் மெத்தை, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். வெளியே புதிது போலவே இருக்கும். மலையில் ஒருநாள் சோல் முழுதாகக் கழன்று வரும். கட்டைவிரலால் நடுச்சோலை அழுத்துங்கள். வெடிப்போ உதிரும் துகளோ இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஒரு தங்கை பெண்களுக்கான மாதிரி அவசியமா என்று கேட்டார். அந்த அச்சில் பொதுவாகக் குதிகால் குறுகலாக இருக்கும். உங்கள் குதிகால் ஆண்கள் மாதிரியில் ஆடினால் அவசியம். ஆடாவிட்டால் எது பொருந்துகிறதோ அது.

வாங்கியதும் முதல் சில நாட்கள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள். கடித்தால் திருப்பிக் கொடுக்க முடியும். பிறகு முதுகில் 10 கிலோ ஏற்றிக்கொண்டு மேடு பள்ளங்களில் பழக்குங்கள். பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி போடுங்கள். இறங்கத் தொடங்கும் முன் உட்கார்ந்து லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, கணுக்கால் மடிப்பில் இரட்டைச் சுற்று முடிச்சுப் போட்டு மீண்டும் கட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. என் நகங்கள் அதன் பிறகு ஒருமுறைகூடக் கறுக்கவில்லை.

எந்த மாதம் போகிறீர்கள், பனி இருக்குமா, சுமையோடு எவ்வளவு இறக்கம், பாதத்தின் நீள அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்பதை எழுதுங்கள், தம்பி. எந்த விறைப்பு, எந்த அச்சு பொருந்தும் என்று சேர்ந்து பார்ப்போம்.