கொக்கோபோலோ பலகையில் பசை பிடிக்கவில்லை: அனுபவமுள்ளோர் உதவ வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு கோஸ்டாரிகா போயிருந்தபோது, முறையான ஏற்றுமதி அனுமதியுடன் இரண்டு கொக்கோபோலோ பலகைகளை வாங்கி வந்தேன். நம் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், இழைத்தவுடன் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்து, நாளடைவில் கருஞ்சிவப்பாக மாறும் இதன் அழகை நான் வேறெந்த மரத்திலும் கண்டதில்லை.

அம்மாவுக்காக அதில் ஒரு நகைப்பெட்டி செய்யத் தொடங்கினேன். வெள்ளைப் பசையிட்டு, இரவு முழுவதும் கிளாம்பில் இறுக்கி வைத்திருந்த மூலை இணைப்பு, காலையில் கட்டைவிரலால் அழுத்தியதுமே விட்டுவிட்டது; காய்ந்த பசை மெல்லிய கண்ணாடித்தாள் போல அப்படியே உரிந்து வந்தது. மரத்திலுள்ள இயற்கை எண்ணெயே இதற்குக் காரணம். ஒட்டும் பரப்புகளை அசிட்டோனால் துடைத்து, எண்ணெய் மீண்டும் மேலே கசிவதற்குள் எப்பாக்சிப் பசை இடுவது போதுமா, அல்லது இணைப்பில் மர ஆணியும் அடிக்க வேண்டுமா?

இதன் தூள் பட்டு என் முன்கைகளில் தடிப்பும் எழுந்துள்ளது. இந்த ஒவ்வாமை போகப் போகக் கடுமையாகும் என்பதால், முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அணிந்தே இப்போது தேய்க்கிறேன். எண்ணெய் வார்னிஷ் இம்மரத்தின்மேல் எளிதில் உலராது என்பதால், முதல் பூச்சாக அரக்கு மெருகைக் கொடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால், எத்தனை பூச்சு கொடுத்தீர்கள் என்பதையும் அருள்கூர்ந்து தெரிவியுங்கள்.