பிரிட்டனில் பகுதிநேர சூப்பர்மார்க்கெட் வேலை: யூனியனில் சேரலாமா, வேண்டாமா?

லெஸ்டர்_எம்எஸ்சி கேட்டது:

வணக்கம். லெஸ்டரில் எம்.எஸ்சி. படிக்கிறேன், ஸ்டூடன்ட் விசா. பெரிய சூப்பர்மார்க்கெட் ஒன்றில் வாரம் 16 மணி நேர ஒப்பந்தம்: வெள்ளி 4, சனி 8, ஞாயிறு 4. பாதி நேரம் டில் (பணம் வாங்கும் கல்லா), மீதி நேரம் ஷெல்ஃப் அடுக்குவது. வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த காகிதங்களோடு அஸ்டோ (Usdaw) யூனியன் படிவமும் இருந்தது. (ஆஸ்டா கடை வேறு, இது கடைச் சிப்பந்திகள் சங்கம்.) கையெழுத்துப் போட்டால் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்களாம்.

கூட வேலை பார்க்கும் நம்மூர் ஆட்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "சம்பளம் ஏறினால் எல்லாருக்கும்தான் ஏறும், ஒரு வருஷத்துக்கு எதற்குத் தண்டச் செலவு?" என்கிறார் ஒருவர். "விசாவுக்குச் சிக்கல், மேனேஜர் ஷிப்டைக் குறைத்துவிடுவார்" என்கிறார் இன்னொருவர். விஷயம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். இப்போதே சேர வேண்டுமா, ஏதாவது பிரச்சினை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பேஸ்லிப்_பார்ப்பவர்:

விசா பயத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஸ்டூடன்ட் விசா நிபந்தனைகளில் யூனியன் உறுப்பினராகக் கூடாது என்று எதுவும் இல்லை. சங்கத்தில் இருப்பதற்காக வேலை தர மறுப்பது, ஷிப்டைக் குறைப்பது, வேலையை விட்டு எடுப்பது எல்லாமே 1992-ம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி சட்டத்துக்குப் புறம்பானவை (பிரிவுகள் 137, 146, 152). சேராமல் இருக்கும் உரிமைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆகவே யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. இது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு. வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம்.

மேனேஜருக்குத் தெரியுமா என்றால், நீங்கள் எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சம்பளப் பிடித்தம் என்றால் பேஸ்லிப்பில் தனி வரியாக வரும், பேரோல் (சம்பளம் போடும்) பிரிவுக்குத் தெரியும். நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல் பிடிக்க முடியாது, எப்போது வேண்டுமானாலும் அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். தெரிய வேண்டாம் என்றால் சங்கத்தின் தளத்தில் நேரடியாகச் சேர்ந்து பேங்க் டைரக்ட் டெபிட் போடுங்கள். உறுப்பினர் விவரம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மதம், உடல்நலம் போன்ற தகவல்களுக்குச் சமமாகக் காக்கப்படும் வகை.

விசாவுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: 20 மணி நேர வரம்பு. பட்டப்படிப்பு நிலையில் டெர்ம் நடக்கும்போது வாரத்துக்கு அதிகபட்சம் 20. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. எல்லா வேலைகளையும் கூட்டித்தான் 20. ஒரு வாரம் 24, அடுத்த வாரம் 14 என்று சராசரி பார்க்க முடியாது. உங்கள் 16-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவருடைய புதன்கிழமை 5 மணி நேர ஷிப்டை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அடுத்த வாரச் சனிக்கிழமையை விட்டுக்கொடுக்கிறீர்கள். கடையின் கணக்கில் அது சரிதான். ஆனால் இந்த வாரம் 21 ஆகிவிட்டது, விசா நிபந்தனை மீறல். ஷிப்ட் மாற்றும் ஆப் இதைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள், ஒவ்வொரு ஞாயிறும் நீங்களே கூட்டிப் பாருங்கள். சம்பளம் உள்ள பயிற்சி நேரமும் அதில் சேரும். மாஸ்டர்ஸ் படிப்பவர்களுக்குக் கோடைக்கால டிசர்ட்டேஷன் மாதங்கள் பெரும்பாலும் விடுமுறையாகக் கணக்காகாது. பல்கலைக்கழகம் எழுத்தில் தரும் டெர்ம் தேதிதான் முடிவு.

வெம்ப்ளி_இரவு:

தம்பி, "பிரச்சினை வந்தாப் பிறகு சேருவம்" எண்ட எண்ணத்தை இப்பவே விடுங்கோ. சேருறதுக்கு முதல் நடந்த சம்பவத்துக்குச் சங்கங்கள் பொதுவா லோயர் (வக்கீல்) உதவி குடுக்கிறேல்லை. சஸ்பென்ட் பண்ணின கடிதத்தைக் கையில வச்சுக்கொண்டு படிவம் நிரப்பிறதில பெரிய பலன் இல்லை.

பகுதிநேரக்காரருக்கு, அதுவும் ஒரு வருசத்துக்கு வாற மாணவருக்குத்தான் இது கூடத் தேவை எண்டு நான் சொல்லுவன். ஏனெண்டா, நியாயமில்லாமல் வேலையால நிப்பாட்டினதெண்டு வேலை வழக்குப் பாக்கிற ட்ரிபியூனலுக்குப் போக வழமையா 2 வருச சேவை வேணும். 2027 ஜனவரி 1 தொடக்கம் அது 6 மாசமாக் குறையுது. அந்தக் காலம் முடியாத ஆளுக்கு, பாகுபாடு, சங்க உறுப்புரிமை மாதிரிக் காரணங்களைத் தவிர வெளியால முறையிட இடமில்லை. அப்ப கடைக்குள்ள நடக்கிற விசாரணையும் அப்பீலும்தான் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே வழக்கு மன்றம். அங்க பக்கத்தில ஆர் இருக்கினம் எண்டதுதான் முழு விசயமும்.

சட்டம் இப்பிடி: 1999-ம் ஆண்டு வேலைவாய்ப்பு உறவுகள் சட்டத்தின்ர 10-ம் பிரிவுப்படி ஒழுக்காற்று விசாரணைக்கும் முறைப்பாட்டு விசாரணைக்கும் ஒரு சக ஊழியரையோ யூனியன் றெப்பையோ (சங்கப் பிரதிநிதி) கூட்டிக்கொண்டு போகலாம். றெப் உங்கட பக்கத்தை எடுத்துச் சொல்லலாம், முடிவில தொகுத்துப் பேசலாம், இடையில உங்களோட தனியாக் கதைக்கலாம். கேள்விக்குப் பதில் நீங்கள்தான் சொல்லவேணும். அவருக்கு அந்த நாள் சரிவராட்டி 5 வேலை நாளுக்குள்ள வேற நாள் கேக்கலாம், அது நியாயமான நேரமெண்டா மனேஜர் மறுக்கேலாது. உறுப்பினர் இல்லாத ஆளுக்கு வரவேணும் எண்ட கடமை றெப்புக்கு இல்லை.

கனபேர் விழுற இடம் அதுக்கு முதல் நடக்கிற "சும்மா ஒரு சின்னக் கதை". அதுக்குப் பேர் இன்வெஸ்டிகேசன் மீற்றிங். அதுக்குத் துணை கொண்டு வாற உரிமை சட்டத்தில இல்லை, கொம்பனிக் கொள்கையில இருந்தா மட்டும்தான். ஆனா நீங்கள் அதில சொன்ன ஒவ்வொரு சொல்லும் பிறகு விசாரணை மேசைக்கு வரும். ஷிப்ட் முடியிற நேரம் களைச்சுப்போய் "ஓம், நான்தான், சொறி" எண்டு சொல்லி, வாசிக்காமல் நோட்ஸில கையெழுத்து வச்சா றெப்பால மீட்கிறது கஷ்டம். நோட்ஸை முழுக்க வாசியுங்கோ, பிழையா எழுதியிருந்தா வெட்டித் திருத்தி ஓரத்தில இனிஷியல் வையுங்கோ, கொப்பி கேளுங்கோ. என்ன குற்றச்சாட்டு, எந்தத் திகதி, எந்த ரில் (டில்) எண்டு முதல்ல கேட்டிட்டுப் பதில் சொல்லுங்கோ.

மாணவர் வேலை போற காரணங்கள் பெரும்பாலும் களவு இல்லை. கஸ்டமருக்குக் கார்ட் இல்லாத நேரம் தன்ர லோயல்ட்டி கார்ட்டைத் தட்டிப் பொயின்ட்ஸ் எடுக்கிறது. ஸ்டாஃப் டிஸ்கவுண்ட் கார்டை அறைத் தோழருக்குக் குடுக்கிறது. விலை குறைச்சு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின சாமானைத் தனக்கெண்டு பின்னுக்கு ஒளிச்சு வைக்கிறது. குப்பைக்குப் போற சான்ட்விச்சைக் காசு கட்டாமல் சாப்பிடுறது. எல்லாம் சில்லறை விசயம் மாதிரித் தெரியும். கொள்கைப் புத்தகத்தில நேர்மையீனம் எண்ட தலைப்புக்குள்ள, நேரே கிராஸ் மிஸ்கொன்டக்ட், அதாவது உடன வேலையால நிப்பாட்டக்கூடிய குற்றம்.

வயசு பாக்கிறது அதைவிடப் பாரதூரம். மதுவை ஸ்கான் பண்ணினதும் ரில் நிண்டு கேக்கும். பின்னால நீள வரிசை, பழகின முகம் எண்டு ஐடி பாக்காமல் பொத்தானை அமத்தினா, எந்த ஊழியரின்ர லொகினில எந்த நேரம் அமத்தினது எண்டு பதிவாகும். 18 வயசுக்குக் கீழ ஆளுக்கு வித்தா இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் வித்தவருக்கே 90 பவுண் தண்டம் வரலாம், கொம்பனி கட்டாது. 25-க்குக் கீழ மாதிரித் தெரிஞ்சா கேக்கிறதுதான் விதி, கஸ்டமர் சத்தம் போட்டாலும் பரவாயில்லை.

கார்டிஃப்_கணக்கு:

மேலே சொன்னது சரி, ஆனால் எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. உங்கள் கடையில் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் (சம்பளம் பற்றிப் பேச நிர்வாகம் ஏற்றது) என்று முதலில் பாருங்கள். டெஸ்கோ, மோரிசன்ஸ் என்றால் அஸ்டோ, ஆஸ்டாவில் ஜிஎம்பி (GMB) சங்கம். அங்கீகாரம் இல்லாத கடையிலும் நீங்கள் உறுப்பினராகலாம், விசாரணைக்குச் சங்கப் பிரதிநிதியை அழைக்கவும் செய்யலாம். ஆனால் கடைக்குள்ளேயே றெப் இருக்க மாட்டார், வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். அங்கீகாரம் இருக்கும் கடையிலும் றெப் திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் மட்டும் இருப்பவரானால் உங்களைப் போன்ற வார இறுதி ஆளுக்கு எட்டாக்கனிதான். ஸ்டாஃப் ரூம் போர்டில் பெயரும் எண்ணும் இருக்கும். சேரும் முன் ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். அழைப்பை எடுக்காத, திரும்ப அழைக்காத றெப் என்றால் பகுதி அலுவலகத்தின் எண்ணையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவை மணிக்கணக்கில் பாருங்கள். 2026 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பியவர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. வாரச் சந்தா 2 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் சுமார் ஒன்பதரை நிமிடக் கூலி. குறைந்த மணி நேரக்காரர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். படிவத்தில் தவறான பெட்டியை டிக் செய்து முழுநேரச் சந்தா கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

"சம்பளம் எல்லாருக்கும்தானே ஏறும்" என்பது உண்மைதான், ஒப்பந்தம் உறுப்பினரல்லாதவருக்கும் பொருந்தும். அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்ற யாரோ சந்தா கட்டியிருக்கிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை. டேவன்ட்ரி, லிச்ஃபீல்டு கிடங்குகளில் நிரந்தரம் என்று வாக்களித்த கூடுதல் சம்பளத்தை எடுக்க, ஆட்களை நீக்கி மறுபடி வேலைக்குச் சேர்க்க டெஸ்கோ முயன்றது. அஸ்டோ வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 2024 செப்டம்பரில் தடை வாங்கியது. தனியாள் ஒருவர் அந்த வழக்கை நடத்தியிருக்க முடியாது. ஒரு வருட மாணவருக்கு அதன் நேரடிப் பலன் கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கு முக்கியம் விசாரணை அறைதான்.

லெஸ்டர்_எம்எஸ்சி:

எல்லாருக்கும் நன்றி. சேருவதாகவே முடிவு. இன்னும் ஒன்று: டில்லில் பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். அப்படிச் செய்யலாமா? பகுதிநேரக்காரருக்கு லீவு உண்டா?

பேஸ்லிப்_பார்ப்பவர்:

வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் பிடிக்க முடியாது. ஒப்பந்தத்தில் அதற்கான விதி இருக்க வேண்டும், அல்லது குறைவு ஏற்படுவதற்கு முன்பே நீங்கள் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் சில்லறை வணிக ஊழியர்களுக்கு ஒரு சம்பள நாளில் மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது (1996-ம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம், பிரிவு 18). நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றால் 64 மணி, 12.71 வீதம் 813.44 பவுண்டு, உச்சவரம்பு 81.34. கடைசிச் சம்பளத்துக்கு இந்த வரம்பு கிடையாது. கோர்ஸ் முடிந்து விலகும்போது மொத்தமாக வெட்டுவது அங்கேதான் நடக்கும். ஆகவே டில்லில் உங்கள் லாகினைத் திறந்து வைத்துவிட்டு பிரேக்குக்குப் போகாதீர்கள். வேறொருவர் அதில் பில் போட்டாலும் குறைவு உங்கள் கணக்கில்தான் விழும். ஷிப்ட் தொடக்கத்தில் ஃப்ளோட் (டில்லில் முதலில் வைக்கும் சில்லறை) எண்ணும் வழக்கம் இருந்தால் எண்ணாமல் உட்காராதீர்கள்.

லீவு உண்டு. சட்டப்படி வருடத்துக்கு 5.6 வாரம்: 16 மணி ஒப்பந்தத்துக்கு 89.6 மணி. முழுநேரக்காரருக்குத் தரும் சலுகையைப் பகுதிநேரம் என்பதற்காக மறுத்தால், 2000-ம் ஆண்டுப் பகுதிநேரத் தொழிலாளர் விதிகளின்படி காரணத்தை எழுத்தில் கேட்கலாம். 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். கேட்கும் கடிதத்தை அனுப்புமுன் றெப்பிடம் காட்டுங்கள்.

வெம்ப்ளி_இரவு:

படிவம் நிரப்பேக்க கடையின்ர பேர், கிளை, ஊழியர் எண், வார மணித்தியாலம் சரியா இருக்கோ எண்டு பாருங்கோ. கிளை மாறினா சங்கத்துக்கும் அறிவிக்கோணும், இல்லாட்டிப் பழைய கிளையின்ர றெப்புக்குத்தான் உங்கட பேர் போகும். சம்பளப் பிடித்தம் எண்டா முதல் இரண்டு பேஸ்லிப்பில வெட்டுப்பட்டிருக்கோ எண்டு பாருங்கோ. வெட்டுப்படேல்லையெண்டா நீங்கள் உறுப்பினர் எண்டு நினைச்சுக்கொண்டிருப்பியள், அவையின்ர பதிவில இருக்க மாட்டியள்.

சம்பளம், வேலை நீக்கம் பற்றி ட்ரிபியூனல் போறதெண்டா கெடு 3 மாசத்துக்கு ஒரு நாள் குறைவு, அதுக்குள்ள ஏகாஸ் (Acas) எண்ட வேலைத் தகராறு சமரச அமைப்பில ஏர்லி கொன்சிலியேசன் (முன்கூட்டிய சமரசம்) தொடங்கவேணும். அதை 6 மாசமாக்க 2025-ம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் வழி வச்சிருக்கு, ஆனா அது நடைமுறைக்கு வந்திட்டுதெண்டு ஏகாஸ் தளத்தில பாத்து உறுதிப்படுத்திற வரைக்கும் 3 மாசக் கணக்கிலயே நில்லுங்கோ. சங்கத்தில சேர்ந்ததுக்காகவே நிப்பாட்டினா சேவைக்கால நிபந்தனை இல்லை. இடைக்கால நிவாரணம் (வழக்கு முடியும் வரைக்கும் வேலையோ சம்பளமோ தொடரச் சொல்ற உத்தரவு) கேக்க நிப்பாட்டின நாளில இருந்து 7 நாள்தான். அண்டைக்கே றெப்புக்குப் போன் அடியுங்கோ.