புது வண்டியில் கூலன்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை: பெங்களூர் அனுபவங்கள்

வண்டி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. டர்போ பெட்ரோல், சின்ன எஸ்யூவி. கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், பேச்சு அப்புறம் அதிலேயே போய்விடும். வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று பானட்டைத் திறந்தபோது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்கில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது.

சர்வீஸ் சென்டரில் அட்வைசர் திருப்பத்தூர்க்காரர், தன்மையான மனுஷன். "புது வண்டியில ஏர் இருக்கும் சார், அது வெளியே போனா லெவல் இறங்கும், பயப்படாதீங்க" என்று சொல்லி, டாப்-அப் செய்து, காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. தொழிற்சாலையில் நிரப்பும்போது எங்காவது கொஞ்சம் காற்று சிக்கியிருக்கலாம். வண்டி ஓட ஓட அது டேங்க் வழியாக வெளியேறும், அந்த இடத்துக்குக் கூலன்ட் இறங்கும். ஆனால் அப்படியென்றால் ஒரு தடவை இறங்கி நின்றுவிட வேண்டும். எனக்கு நிற்கவில்லை. சில வாரத்தில் மறுபடி அதே கீழ்க்கோடு.

கூலன்ட் மூடிய சுற்றுக்குள் ஓடுவது, பெட்ரோல் போலச் செலவாகிற பொருள் இல்லை. குறைந்தால் எங்கேயோ போயிருக்கிறது, அவ்வளவுதான். போகிற வழிகளும் அதிகம் கிடையாது. வெளியே கசிந்து இன்ஜின் சூட்டில் காய்ந்துபோகும், மூடி சரியில்லாமல் ஆவியாகும், ஹீட்டர் பக்கம் கசிந்து உள்ளே கார்ப்பெட்டை நனைக்கும், ஆயிலில் கலக்கும், இல்லையென்றால் சிலிண்டருக்குள் இறங்கி சைலன்ஸர் வழியாக வெள்ளைப் புகையாகப் போகும். கடைசி இரண்டும்தான் பெரிய செலவு.

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கடியில் விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் ஏசித் தண்ணீர் விழுந்த வட்டம் மட்டும். ஆயில் டிப் ஸ்டிக் சுத்தமாக இருந்தது, ஆயில் மூடியின் அடியில் தயிர்த் திட்டு போன்ற எதுவும் இல்லை. சில்க் போர்டு நெரிசலில் நின்றால்கூட டெம்பரேச்சர் விளக்கு எரியவில்லை. (இப்போதெல்லாம் பல வண்டிகளில் முள்ளே கிடையாது, குளிர்ந்திருந்தால் நீலம், கொதித்தால் சிவப்பு. சிவப்பு வருகிறபோது காலம் கடந்திருக்கும். ஒரு ஓபிடி டாங்கிள் (வண்டியின் கம்ப்யூட்டரோடு போனை இணைக்கும் சின்னக் கருவி) வாங்கிச் செருகினால் போனில் டிகிரிக் கணக்கில் தெரியும்.)

இரண்டாவது முறை போனபோதுதான் ஒன்று கவனித்தேன். முதல் தடவை கொடுத்த ஜாப் கார்டில் (என்ன புகார், என்ன வேலை என்று சர்வீஸில் எழுதும் தாள்) "கூலன்ட் டாப்-அப்" என்று மட்டும் இருந்தது. கூலன்ட் குறைகிறது என்ற புகாரே அதில் இல்லை! நாளைக்கு வாரன்டி என்று போய் நின்றால், இந்த வண்டிக்கு இப்படி ஒரு கோளாறு வந்ததாக அவர்கள் சிஸ்டத்தில் எழுத்தே இருக்காது. இலவசமாக ஊற்றிக் கொடுப்பது நல்ல மனசுதான், ஆனால் ஊற்ற ஊற்ற ஆதாரமும் சேர்ந்தே அழிகிறது. அதனால் நானே கன்னடத்தில் கொஞ்சம், தமிழில் மீதியாகச் சொல்லி, "காரணம் தெரியாமல் கூலன்ட் குறைகிறது, இரண்டாவது முறை" என்று எழுத வைத்தேன். எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, அதே பார்க்கிங் இடத்தில், டேங்கில் மார்க்கரால் கோடு, பக்கத்தில் தேதி. ஒரு போட்டோ டேங்குக்கு, ஒன்று ஓடோமீட்டருக்கு. சூட்டில் கூலன்ட் விரிந்து அளவு ஏறும், அதனால் ஓட்டிவிட்டு வந்து பார்ப்பதில் பிரயோஜனமில்லை. ஊற்றியதும் அளந்துதான். பையனின் பழைய பால் புட்டியில் மில்லிக் கணக்குப் பார்த்து ஊற்றினேன், கையோடு புட்டியைக் குப்பையில் போட்டாயிற்று. கூலன்ட்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் விஷம்.

இனி பிரஷர் டெஸ்ட். டேங்க் மூடியைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கிற அழுத்தம் வரை காற்றடித்து, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். முதலில் மதியம் சூட்டோடு சூடாகச் செய்தார்கள். முள் அசையவில்லை. "லீக் இல்லை சார்" என்று எழுதிக் கொடுக்கவும் தயாராகிவிட்டார்கள். இராத்திரி வண்டியை அங்கேயே விட்டுவிடுகிறேன், காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஒருமுறை போடுங்கள், நான் வந்த பிறகு போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். டிசம்பர் மாதம், பெங்களூர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். காற்றடித்துவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பினால் முள் நன்றாகவே இறங்கியிருந்தது.

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் கூடு) பின்பக்கம், கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் ஒரு ஹோஸ். அதன் ஸ்பிரிங் கிளாம்ப் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் பையன் சின்னக் கண்ணாடியைக் கம்பியில் மாட்டி உள்ளே நீட்டி, டார்ச் அடித்துக் காட்டினான். கியர்பாக்ஸ் மேல் விரல் அகலத்துக்குக் கூலன்ட் இளஞ்சிவப்பாகப் படிந்து காய்ந்து கிடந்தது. இன்ஜின் சூடானால் ரப்பர் விரிந்து இறுகி அடைத்துக்கொள்ளும். குளிர்ந்தால் சுருங்கிக் கசியும். கசிந்தது அடுத்த நாள் காலை ஓட்டத்தில் காய்ந்துவிடும். அட்டைப்பெட்டி வரைக்கும் ஒரு சொட்டு வந்தால்தானே! ஒரு கிளாம்ப், கூடவே அந்த ஹோஸும் வாரன்டியில் மாற்றினார்கள்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். எங்கே கசிந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் முக்கியம்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு பெண்

அண்ணா, எனக்கு உள்பக்கம். மழைக்காலம், முன்சீட்டில் கால் வைக்கிற இடத்தில் கார்ப்பெட் ஈரம். கதவு ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் என்றார் என் வீட்டுக்காரர், ஏசி டிரெய்ன் பைப் அடைத்திருக்கும் என்றார்கள் சர்வீஸில். டிரெய்ன் பைப்பைச் சுத்தமும் செய்தார்கள். ஈரம் போகவில்லை. அந்த ஈரத்தை டிஷ்யூவில் ஒற்றி விரலால் தேய்த்தால் வழவழவென்று இருந்தது, தித்திப்பாக ஒரு வாசனை. ஏசித் தண்ணீர் வெறும் தண்ணீர், வழுக்காது. இன்னொன்று, முன்கண்ணாடியின் உள்பக்கம் எவ்வளவு துடைத்தாலும் எண்ணெய்ப் படலம் போலத் திரும்பத் திரும்பப் படிந்தது. இராத்திரி எதிர் வண்டி லைட் பட்டால் ஒன்றுமே தெரியாது.

பெங்களூரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று நினைத்தேன். போடாவிட்டாலும் பல வண்டிகளில் ஹீட்டர் கோர் (உள்ளே சூடான காற்று தருகிற சின்ன ரேடியேட்டர்) வழியாகக் கூலன்ட் ஓடிக்கொண்டேதான் இருக்குமாம். அதன் இணைப்பில் கசிவு. சரி செய்ய டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டியதாயிற்று. புது வண்டியின் டேஷ்போர்டு தரையில் கிடப்பதைப் பார்க்க மனசு ஆறவில்லை. இப்போது கசிவு இல்லை, ஆனால் மாரத்தஹள்ளி பாலத்து இணைப்புகளில் ஏறி இறங்கும்போது கிளவ் பாக்ஸ் பக்கம் கிடுகிடுக்கிறது. அதற்குத் தனியாக ஒரு ஜாப் கார்டு திறந்திருக்கிறேன்.

ஆஸ்டின் டவுனிலிருந்து, பழைய ஆள்

தம்பி, கிளாம்ப்பை எல்லாம் பிறகு தேடலாம், முதலில் மூடியை மாற்றிப் பாருங்கள். ஜே.சி. ரோட்டில் நாற்பது வருஷமாக உதிரிபாகத்தோடு புழங்குகிறேன், மூடியை யாரும் மதிப்பதில்லை. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். வண்டிக்குள் கொதிக்காமல் இருப்பதற்குக் காரணம் பாதி கிளைக்கால், பாதி அந்த மூடி. ஒரு பார் சொச்சம் அழுத்தத்தை அது பிடித்து வைத்தால் 120ஐத் தாண்டியும் கொதிக்காது. மூடியின் வால்வு தளர்ந்துவிட்டால் நெரிசலில் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். டேங்க் கழுத்தைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்த தடம் இருந்தால் அதுதான். பிரஷர் டெஸ்ட்டில் மூடியைக் கழற்றிவிட்டுப் பம்பை மாட்டுவதால், மூடியின் குற்றம் அதில் தெரியவே தெரியாது. மூடியைத் தனியாகச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

சூடாக இருக்கும்போது அதைத் திறக்காதீர்கள். முகம் வெந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போர்வெல் தண்ணீரும் வேண்டாம். நம் ஊர் போர்வெல் உப்பு ரேடியேட்டருக்குள் படியும். அவசரத்துக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றலாம். கலரைப் பார்த்துக் கூலன்ட் வாங்குவதும் தப்பு, கலருக்குப் பொது விதி எதுவும் கிடையாது. கையேட்டில் என்ன வகை என்று போட்டிருக்கிறதோ அதுதான்.

ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினம் வருபவர்

எனக்குப் பெரியதே வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் சில நொடி நடுங்கும், அப்புறம் சரியாகிவிடும். வெள்ளைப் புகை. குளிர் காலம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். குளிர் காலப் புகை இன்ஜின் சூடானதும் நின்றுவிடும், எனக்கு அத்திப்பள்ளி தாண்டியும் வந்துகொண்டிருந்தது. டேங்கின் வாயில் நீல நிறத் திரவம் வைத்துச் செய்கிற ஒரு டெஸ்ட் இருக்கிறது, எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்தால் நீலம் மஞ்சளாக மாறும். எனக்கு மாறியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுக் காட்டினார்கள். மூன்று பிஸ்டன் தலையில் கரி. ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது, ஆவி கழுவிக் கழுவி. ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் மேலே இருக்கிற ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு, போய்விட்டது.

முதலில் வாரன்டி கிடையாது என்றார்கள். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் யாரோ வேறு கூலன்ட் ஊற்றியதைப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் அதற்கு முந்தைய இரண்டு ஜாப் கார்டு இருந்தது, இரண்டிலும் கூலன்ட் குறைவு என்ற புகார் எழுத்தில். அதை ஸ்கேன் செய்து கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் அனுப்பி, நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்தேன். பிறகுதான் கம்பெனி இன்ஜினியர் வந்து பார்த்தார், வேலை இலவசமாக நடந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டைக் கழற்றினால் ஹெட்டின் தளம் சமமாக இருக்கிறதா என்று அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.

ஹலசூரிலிருந்து

ஒரே ஒரு விஷயம். அட்டைப்பெட்டி விரிக்கிறவர்கள் காலையில் எடுத்துவிடுங்கள். கூலன்ட் தித்திக்கும், தெருநாயும் பூனையும் நக்கிவிடும். கொஞ்சமே போதும், கிட்னி போய்விடும்.

முதலில் எழுதியவர்

மூடியைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று பெரியவர் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி ஐயா. வருகிற சர்வீஸில் சோதிக்கச் சொல்கிறேன்.

எவ்வளவு குறைந்தால் பரவாயில்லை என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். முதல் சில மாதத்தில் ஒருமுறை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால் விட்டுவிடலாம். டாப்-அப் செய்த பிறகும் இறங்கினால் விடக்கூடாது, அது எத்தனை மில்லியாக இருந்தாலும் சரி. கிளாம்ப் மாற்றிய பிறகு சேலம் போய்த் திரும்பினேன், தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததும் சேர்த்து. மார்க்கர் கோட்டிலிருந்து அளவு நகரவில்லை.

டீசல் வண்டிக்காரர்கள் யாரும் இன்னும் எழுதவில்லை. பிஎஸ்6 (புகை விதி) டீசலில் ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் பாகம்) வழியாகப் போகலாம் என்று சர்வீஸில் சொன்னார்கள். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது எழுதினால் என் மச்சானுக்கு உதவும், அவர் வண்டியிலும் இப்போது குறைய ஆரம்பித்திருக்கிறது.