மறு: நீளும்போது ‘சுருங்கும்’ தசைக்கு ஒரு பெயர் (திங்களுக்குள் வேண்டும்)

பாம்பன் டீச்சர்:
குழுவினருக்கு வணக்கம். எங்கள் கபடிப் பிள்ளைகளுக்காக எட்டுப் பக்கத்தில் ஒரு பயிற்சிக் கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது மேற்கைத் தசை குறுகிக்கொண்டே வேலை செய்கிறது. மெல்ல இறக்கும்போதும் அதே தசைதான், ஆனால் நீண்டுகொண்டே. இந்த இரண்டாவதற்கு ஒரு பட்டியலில் ‘மையவிலகு சுருக்கம்’ என்று கிடைத்தது. வகுப்பில் சொன்னேன். “நீளுதுங்கிறீங்க, அப்புறம் சுருக்கம்ங்கிறீங்களே டீச்சர்” என்றான் ஒருவன். பதில் இல்லை. போன வாரம் திண்டிலிருந்து மணலில் குதிக்க வைத்தேன். மறுநாள் ஒருவனாலும் மாடிப்படி இறங்க முடியவில்லை. அதற்குக் காரணமான வேலைக்குப் பெயர் வேண்டாமா?

மதுரைத் தமிழாசிரியர் (ஓய்வு):
அம்மா, முதலில் ‘தசை’யைத் தீர்த்துக்கொள்வோம். ஊரெல்லாம் ‘சதை’ என்கிறது. விசிறி, சிவிறி போல எழுத்து இடம் மாறியும் பொருள் மாறாத இலக்கணப் போலி இது என்று பாடம் நடத்தியே முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். எது முந்தியது என்பதில் மட்டும் எனக்கு இன்னும் ஐயம் உண்டு. ‘தடி’க்கும் ஊன் என்ற பொருள் இருப்பதைக் கவனியுங்கள். விரிவாக நாளை எழுதுகிறேன்.

ராம்நாடு பிசியோ:
ஐயா, நாளை ஞாயிறு. டீச்சருக்கு நேரமில்லை.
‘மையவிலகு’ எங்கிருந்து வந்தது என்றால், டென்மார்க்கின் ஆஸ்முசென் 1953-இல் ‘மையத்தை விட்டு விலகும்’ என்ற பொருளில் எக்சென்ட்ரிக் என்று பெயர் வைத்தார். அதை அப்படியே தமிழாக்கினால் பிள்ளைகளுக்கு மையவிலக்கு விசைதான் நினைவுக்கு வரும். ‘சுருக்கம்’ அதைவிட வம்பு. 1954-இல் வெளிவந்த இரண்டு கட்டுரைகள் சொன்னது இதுதான்: தசைக்குள் ஆக்டின், மையோசின் என்ற புரத இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. இரண்டு கை விரல்களையும் கோத்து உள்ளே தள்ளிப் பாருங்கள். விரல் குட்டையாகாது. இறக்கும்போது பாரம் அந்தக் கோர்வையை வெளியே இழுக்கிறது, மையோசின் பிடித்துப் பிடித்துத் தடுக்கிறது. அந்த இழுபறியில் நுண்ணிழைகள் சேதமாகின்றன. வலி உச்சத்துக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். லாக்டிக் அமிலத்தின் மேல் பழி போடாதீர்கள், அது ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும்.
என் முன்மொழிவு: நீளிறுக்கம். நீள் + இறுக்கம், வினைத்தொகை.

கீழக்கரை காக்கா:
கரைக்கு வந்து பாருங்கள், சொல் அங்கேயே கிடக்கிறது. கரைவலை இழுக்கும்போது அலை திரும்பினால் வலை கடல் பக்கம் போகும். கயிற்றை விட்டால் மீன் போச்சு, அசையாமல் பிடித்தால் உள்ளங்கைத் தோல் போச்சு. குதிகாலை மணலில் ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடிக்க வேண்டும். விட்டுப்பிடிப்பு. பாம்பன் பிள்ளைக்கு உரையே தேவையில்லை.

ராம்நாடு பிசியோ:
காக்கா, அழகான சொல்தான். ஆனால் என்னிடம் வருகிறவர்களுக்குத் ‘தசைப்பிடிப்பு’ என்றால் நோய். விட்டு விட்டுப் பிடிக்கிறது என்று புரிந்துகொண்டு தைலம் கேட்பார்கள்.

கீழக்கரை காக்கா:
‘இறுக்கம்’ மட்டும் என்ன வாழ்கிறது? “இறுக்கமா நிக்காதே, தளர்வா நில்லு” என்று கத்தாத பயிற்சியாளர் உண்டா?

மதுரைத் தமிழாசிரியர்:
இறுக்கம் ‘இறுகு’ என்பதோடு சேர்ந்தது. அதன் வேரைத் தேடிப் போனால்...

சென்னை மென்பொருள் தம்பி:
ஐயா, ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’, சொல்லுக்குக் காரணம் பளிச்சென்று தெரியாது என்று தொல்காப்பியரே கைகழுவிவிட்டாரே! நீளிறுக்கத்துக்கு ஜோடியைப் பாருங்கள். குறுகு + இறுக்கம், ‘உக்குறள் மெய்விட்டோடும்’ என்ற நன்னூல் விதிப்படி கடைசி உகரம் போய்விடும், ஆக குறுகிறுக்கம். வகுப்பில் ‘கிறுக்கம்’ மட்டும்தான் காதில் விழும். எக்சென்ட்ரிக்குக்கு ஆங்கிலத்தில் கிறுக்கன் என்றும் பொருள் உண்டு, அந்தக் கிறுக்கு தவறான பக்கம் வந்து ஒட்டிக்கொள்கிறது.

பாம்பன் டீச்சர்:
சிரித்து முடித்தேன். சரி, முதலாவதைச் ‘சுருக்கம்’ என்றே விட்டுவிடலாமா? இழை சுருங்காவிட்டாலும் தசை குறுகத்தானே செய்கிறது.

மதுரைத் தமிழாசிரியர்:
ஒன்று இறுக்கம், இன்னொன்று சுருக்கமா? இணை குலைகிறதே அம்மா.

ராம்நாடு பிசியோ:
குலையட்டும் ஐயா. டீச்சர், 1952-இல் செய்த ஒரு சோதனையையும் கையேட்டில் சேருங்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அதைத் தடுத்துக்கொண்டே இருந்தார். இருவருக்கும் ஒரே விசை. ஆனால் தடுத்தவருக்குச் செலவான ஆக்சிஜன் மிகக் குறைவு. நீளும் தசை குறைந்த செலவில் அதிக விசை தாங்கும். பாடிச் செல்பவனின் காலைப் பிடிக்கிற பையனுக்கு இது தெரிய வேண்டாமா?

பாம்பன் டீச்சர்:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. ‘நீளிறுக்கம்’ போட்டேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘எக்சென்ட்ரிக்’. சைக்கிள் கதை நாலாம் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளிடம் வாய்மொழியாக விட்டுப்பிடிப்பு என்றுதான் சொல்லப்போகிறேன் காக்கா, கோபிக்காதீர்கள்.

கீழக்கரை காக்கா:
அச்சில் வராத சொல்லுக்கு ஆறுதல் எதற்கு டீச்சர்? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மதுரைத் தமிழாசிரியர்:
தசை, சதை பற்றி நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் எழுதவில்லை.