‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ தட்டு: கரகரப்பு ஊசியிலயா, ஒலிப்பதிவிலயா?

தட்டுப்பிரியன்
ராக் இசைக்குழு கிங் கிரிம்சனோட 1969 ஆல்பம், இசைத்தட்டுல புது அச்சு. கூம்பு ஊசி கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கற தலை), ஊசி தட்டை அழுத்தற எடை 1.6 கிராம். கார்ட்ரிட்ஜ் தாள்ல 1.8 முதல் 2.2 வரைன்னு போட்டிருக்கு, தட்டு தேயக் கூடாதுன்னு குறைச்சு வச்சேன். முதல் பாட்டுல குரல் கிழியுது. ‘எபிடாஃப்’ல வயலின் மாதிரி வர்ற ஒலி சுருதி விட்டு ஆடுது. ‘மூன்சைல்ட்’ பாதிக்கு மேல பொரியற சத்தம்தான். கடைசிப் பாட்டுல கோரஸ் வந்தா சிதறுது. தட்டை மாத்தணுமா, ஊசியை மாத்தணுமா?

வளைவுக்கோடு
அவசரப்பட்டு எதையும் மாத்தாதீங்க. நீங்க சொன்ன நாலுல ரெண்டு, அவங்க வேணும்னே பதிவு பண்ணினது.

முதல் பாட்டு ‘ஸ்கிட்சாய்ட் மேன்’ல பாடகர் கிரெக் லேக் குரலைக் கிழிச்சுத்தான் வச்சிருக்காங்க. சோதனை சுலபம்: அதே பாட்டுல டிரம்ஸ் வாசிச்ச மைக்கேல் ஜைல்ஸோட ஸ்னேரையும் சிம்பலையும் மட்டும் கவனிங்க. அது துல்லியமா இருந்தா ஊசி மேல தப்பில்ல. அது முடிஞ்ச கையோட ‘ஐ டாக் டு த விண்ட்’ வரும், அதே ஆளு குரல், பட்டு மாதிரி இருக்கணும். அதுலயும் ‘ஸ்’ எழுத்து துப்பினா பிரச்சினை உங்க பக்கம். அப்போ முதல்ல டர்ன்டேபிள் பின்னாடி இருக்கிற சுவிட்சைப் பாருங்க. அது லைன்ல (ஒலியை உள்ளயே பெருக்கி அனுப்பற நிலை) இருந்து, வயர் ஆம்பிளிஃபயரோட போனோ துளைக்குப் போனா, அங்க திரும்பவும் பெருக்கி எல்லாமே கரகரக்கும்.

இன்னொண்ணு, முதல் அரை நிமிஷம் வெறும் காத்து மாதிரி ஒலிதான். அதை வச்சு வால்யூமை ஏத்தாதீங்க, அடுத்து வர்ற அடியில ஸ்பீக்கர் அதிரும்.

மெல்லோட்ரான்பித்து
சுருதி ஆட்டத்துக்கு நான் சொல்றேன். அது வயலின் இல்ல, மெல்லோட்ரான், வாசிச்சது ஐயன் மெக்டொனால்ட். ஒவ்வொரு கட்டைக்கும் கீழ சுமார் 8 வினாடி ஓடற காந்த நாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினா நாடா ஓடும், ஓட்டம் சீரா இருக்காது. அந்த நடுக்கம் அந்தக் கருவியோட குணம். அது இல்லாட்டி ‘எபிடாஃப்’ கேக்கவே வேணாம்.

ஆனா தட்டோட துளை மையம் தப்பியிருந்தாலும் சுருதி ஆடும். 33⅓ வேகத்துல ஒரு சுத்துக்கு 1.8 வினாடி. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே கேளுங்க. 1.8 வினாடிக்கு ஒருதரம் ஒரே மாதிரி ஏறி இறங்கினா துளைதான் தப்பு, கடைக்காரர்கிட்ட மாத்திக் கேளுங்க. தாறுமாறா ஆடினா மெல்லோட்ரான்.

தட்டுப்பிரியன்
‘விண்ட்’ சுத்தமா இருக்கு. ஆட்டமும் 1.8 கணக்குல இல்ல. கடைசிப் பாட்டு மட்டும் சிதறுது, வலது ஸ்பீக்கர்ல அதிகம்.

வளைவுக்கோடு
வலது பக்கம்னு சொன்னீங்களே, அங்கதான் விடை இருக்கு.

ஓரத்துல, ஆரம் 146 மி.மீ. இருக்கிற இடத்துல, வரிப்பள்ளம் ஊசிக்கு அடியில நொடிக்கு 51 செ.மீ. ஓடுது. 60 மி.மீ. ஆரத்துக்கு வரும்போது அது 21 செ.மீ. அதே ஒலி அலை அஞ்சுல ரெண்டு பங்கு நீளத்துக்குள்ள நெருக்கியடிச்சு உக்காந்திருக்கும். கூம்பு ஊசியோட உருண்டை முனை அந்த நெருக்கத்துக்குள்ள இறங்காது. இந்த ஆல்பத்துல விதி பாருங்க, இரண்டாம் பக்கத்துல 12 நிமிஷ ‘மூன்சைல்ட்’ ஓரத்தைப் பிடிச்சுக்குது. மெல்லோட்ரானும் கோரஸும் டிரம்ஸும் சேர்ந்து முழங்கற தலைப்புப் பாட்டு உள்வட்டத்துக்குத் தள்ளப்பட்டிருக்கு.

ஆன்டி-ஸ்கேட்டிங்கை (ஊசிக் கை உள்பக்கம் இழுபடாம பிடிக்கிற விசை) 0 ஆக்கிட்டு, பின்னாடி இருக்கிற எதிரெடையைத் திருகி டோன்ஆர்மை, அதாவது ஊசிக் கையை, மேலயும் கீழயும் சாயாம மிதக்க விடுங்க. எதிரெடையோட எண் வளையத்தை 0-க்குத் திருப்பி, அப்புறம் 2 கிராம் ஏத்துங்க. எடை குறைஞ்சா தட்டு தேயாதுன்றது தப்பு. ஊசி துள்ளித் துள்ளிச் சுவரை இடிக்கிறதுதான் தட்டைக் கெடுக்கும். அடுத்து ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் 2-ல வையுங்க. அது குறைஞ்சா கை உள்பக்கம் இழுபட்டு, ஊசி உட்சுவர்ல சாஞ்சிரும். வலது ஒலி இருக்கிறது வெளிச்சுவர்ல, அதான் அது முதல்ல சிதறும். அப்பவும் சிதறல் இருந்தா பேர்வால்ட் அளவுத் தாளை (கார்ட்ரிட்ஜ் கோணத்தைச் சரிபார்க்கற கோடு போட்ட தாள்) அச்செடுத்து, தட்டு மையத்துல இருந்து 66, 120.9 மி.மீ. ரெண்டு புள்ளியிலயும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேரா நிக்குதான்னு பாருங்க. அச்செடுக்கும்போது 100 சதவீதம்னு வையுங்க, பக்கத்துக்குப் பொருத்துன்ற தேர்வுல விட்டா அளவே மாறிடும். ஊசி மாத்தற செலவு அதுக்கப்புறம்தான், மாத்தினா நீள்வட்ட ஊசி.

அமைதிப்பகுதி
‘மூன்சைல்ட்’ல பாட்டு சுமார் இரண்டரை நிமிஷம்தான். மிச்சம் கிட்டார், வைப்ரஃபோன், டிரம்ஸ் மூணும் கிசுகிசுன்னு பேசிக்கிற கற்பனை வாசிப்பு. ஒலி இவ்வளவு தாழ்ந்தா தூசி எல்லாம் மேல தெரியும். புதுத் தட்டானாலும் ஈரத் துடைப்பு போட்டுட்டு, முழுசா காஞ்சப்புறம் வையுங்க. கணினியில கேக்கறவங்க ரீப்ளேகெயினை (ஒலி உரத்தைத் தானா சமப்படுத்தற வசதி) ஆல்பம் கணக்குல வையுங்க. பாட்டுக் கணக்குல வச்சா இந்தக் கிசுகிசுப்பும் ‘ஸ்கிட்சாய்ட் மேன்’ உரத்துக்கு வந்து நிக்கும், ஆல்பத்தோட ஏற்ற இறக்கமே போச்சு.

தலைப்புப் பாட்டு நடுவுல முடிஞ்ச மாதிரி நிக்கும். ஊசியைத் தூக்கிடாதீங்க, திரும்ப வரும்.

தட்டுப்பிரியன்
2 கிராம், ஆன்டி-ஸ்கேட்டிங் 2. வலது பக்கச் சிதறல் முக்கால்வாசி போயிருச்சு, 66 புள்ளியில கோணலையும் சரி பண்ணியாச்சு. ஆனா கோரஸ் இன்னும் பனிமூட்டம் மாதிரி இருக்கு.

மெல்லோட்ரான்பித்து
அந்த மூட்டம் நாடாவுலயே இருக்கு. லண்டன் வெசெக்ஸ் ஸ்டூடியோவுல இருந்தது 8 டிராக் கருவி, அதாவது எட்டு ஒலித்தடம் மட்டும் பதியற நாடாக் கருவி. இடம் நிறைஞ்சதும் இருக்கிறதைக் கலந்து வேற நாடாவுக்கு மாத்தி, அது மேல மெல்லோட்ரானை அடுக்கினாங்க. ஒவ்வொரு மாத்தலுக்கும் மேல்சுருதித் தெளிவு கொஞ்சம் போகும், இரைச்சல் கொஞ்சம் சேரும். 2004 சிடி, காணாமக் கிடைச்ச முதல் தலைமுறை ஸ்டீரியோ நாடாவுல இருந்து வந்தது, பழைய கலவை அதுல நல்லாத் தெரியும். மூட்டம் விலகணும்னா ஒலிக்கலவையாளர் ஸ்டீவன் வில்சனும் குழுவோட கிட்டார்காரர் ராபர்ட் ஃபிரிப்பும் பண்ணின 2009 மறுகலவையைக் கேளுங்க. மாத்தறதுக்கு முந்தைய நாடாக்களையே ஒத்திசைச்சு எடுத்தது. அதுல ‘மூன்சைல்ட்’ 9 நிமிஷம்தான் ஓடும், ஃபைல் கெட்டுப்போச்சுன்னு திரும்ப இறக்காதீங்க, வெட்டினதே அவங்கதான்.